ஏற்றம் காப்பாற்றிய ஊர்: ஷையானில் ஐந்து நாட்கள்

முதல் நாள்

டென்வரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. ஐந்து நாட்கள் அண்டை மாநிலமான வயோமிங்கின் தலைநகர் ஷையானில் தங்கிவிட்டு வரலாமா என்று கேட்டபோது, அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் திருப்பிக் கேட்டார்கள். அதுவரை நான் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி "செயென்" என்றே படித்துவந்தேன். "அப்பா, அங்கே போய் அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது, ஷையான் என்று சொல்லுங்கள்" என்று மகள் திருத்தினாள். தண்டவாளம் போடுவதையும் பராமரிப்பதையும் பிழைப்பாகக் கொண்டு முப்பத்தொரு ஆண்டுகள் கழித்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும், பாதை ஏன் இந்த வழியாக வந்தது, ஏன் பக்கத்து ஊர் வழியாகப் போகவில்லை என்று பார்க்கும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை. அந்தக் கேள்விக்கு ஷையானைவிடப் பொருத்தமான ஊர் இந்தப் பக்கத்தில் இல்லை என்பது போகும் முன்பே எனக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊர்ப் பக்கத்திலும் ரயிலால் வளர்ந்த சந்திப்பு ஊர்கள் உண்டு. ஆனால் அவற்றில் ரயில் வருவதற்கு முன்பே ஏரியும் கோயிலும் சந்தையும் ஏதோ ஒரு வகையில் இருந்தன. ஷையான் இருக்கும் இடத்தில் 1867-ஆம் ஆண்டு ஜூலைக்கு முன் வீடென்று ஒன்றுகூட இல்லை. அதே ஆண்டு நவம்பரில் அங்கே ஏறத்தாழ 4,000 பேர் இருந்தார்கள். நான்கு மாதத்தில் ஓர் ஊர் எப்படி உண்டாகிறது என்பதைக் காட்டிலும், அப்படி உண்டானது எப்படி அழியாமல் நின்றது என்பதுதான் என்னை இங்கே இழுத்தது.

டென்வரிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இடப்பக்கம் ராக்கி மலைத்தொடர் கூடவே வருகிறது. வலப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. ரயிலுக்காகவே பிறந்த நகரத்துக்கு ரயிலில் போக முடியாது என்பது வேடிக்கைதான். அங்கே வந்துகொண்டிருந்த "பயனியர்" என்ற கடைசிப் பயணிகள் ரயில் 1997-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

வழியில் மருமகனிடம் டென்வரின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். இன்று மாநகராக நிற்கும் டென்வர் 1860-இல் 4,749 பேர் கொண்ட ஊர். பத்தாண்டு கழித்து 1870-இல் எடுத்த கணக்கில் அங்கே இருந்தவர்கள் 4,759 பேர், அதாவது பத்தாண்டில் பத்துப் பேர் கூடுதல். தங்கம் தேடி வந்தவர்களால் உண்டான ஊர் தேய்ந்துகொண்டிருந்த காலம் அது. போதாக்குறைக்குக் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் முதல் ரயில் பாதை டென்வரை விட்டு விலகி, வடக்கே ஷையான் வழியாகப் போய்விட்டது. டென்வருக்கு மேற்கே மலை சுவரைப் போல் நிற்பதுதான் காரணம். ஊர்க்காரர்கள் தாங்களே பணம் திரட்டி, டென்வர் பசிபிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 106 மைல் கிளைப்பாதை போட்டு 1870 ஜூனில் ஷையானோடு இணைந்துகொண்டார்கள். 1880-இல் டென்வரின் மக்கள்தொகை 35,629. ஷையான் அப்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தனக்கு உயிர் கொடுத்த ஊரை டென்வர் அவ்வளவு விரைவாகத் தாண்டிப் போயிற்று.

மாலையில் விடுதியில் பெட்டிகளை வைத்துவிட்டு வெளியே வந்தபோது காற்று எங்களைத் தள்ளியது. இங்கே காற்று ஓய்வதே இல்லை என்று விடுதிக்காரர் சொன்னதை நாளைக்குச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள்

காலையிலேயே பழைய ரயில் நிலையத்துக்குப் போய்விட்டேன். செந்நிறமும் சாம்பல் நிறமும் கலந்த மணற்கல்லில், அரைவட்ட வளைவுகளோடும் கடிகாரக் கோபுரத்தோடும் நிற்கும் இந்தக் கட்டடத்தை ஹென்றி வான் பிரண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். 1886-இல் தொடங்கி 1887-இல் முடித்தார்கள். இப்போது உள்ளே அருங்காட்சியகமும் பியர் விடுதியும் இருக்கின்றன. முன்னால் இருக்கும் சதுக்கத்தில் நின்று வடக்கே பார்த்தால், நேர்கோடாக ஓடும் தெருவின் மறுமுனையில் மாநிலத் தலைமைச் செயலகத்தின் தங்க நிறக் கவிகை தெரிகிறது. ஒரு முனையில் அரசு, மறுமுனையில் ரயில் நிறுவனம். இவை இரண்டில் எது முதலில் வந்தது என்பதில் இந்த ஊரில் ஐயத்துக்கே இடமில்லை.

ஒமாஹாவிலிருந்து யூனியன் பசிபிக் நிறுவனம் மேற்கு நோக்கியும், கலிஃபோர்னியாவிலிருந்து சென்ட்ரல் பசிபிக் கிழக்கு நோக்கியும் பாதை போட்டு வந்தன. 1862-இல் இயற்றிய சட்டத்தின்படி, போட்ட ஒவ்வொரு மைலுக்கும் அரசு அவர்களுக்குக் கடன் பத்திரமும் நிலமும் கொடுத்தது. யூனியன் பசிபிக்கின் தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ் உள்நாட்டுப் போரில் படைத்தலைவராக இருந்தவர். 1867 ஜூலை முதல் வாரத்தில் அவர் குரோ கிரீக் என்ற ஓடையின் கரையில் முகாமிட்டு, ஒமாஹாவிலிருந்து 516-ஆவது மைலில் வரவிருந்த அந்த இடத்தை எஞ்சினும் ஆட்களும் மாறும் பிரிவுத் தலைமையிடமாகக் குறித்தார். அதே நேரத்தில் இராணுவமும் ஊருக்கு வடமேற்கே கோட்டை ஒன்றுக்கு இடம் பார்த்தது. ஃபோர்ட் டி.ஏ. ரஸ்ஸல் என்று தொடங்கிய அந்தக் கோட்டை இன்று வான்படைத் தளமாக, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளைக் காத்துக்கொண்டிருக்கிறது.

அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது நகர் அமைப்பு வரைபடத்தின் முன்னால்தான். நான்கு சதுர மைலைக் கோடு போட்டுத் தெருக்களாகவும் மனைகளாகவும் பிரித்திருக்கிறார்கள். தெருக்கள் கிழக்கு மேற்கு திசைகளைப் பார்த்துப் போகவில்லை. தண்டவாளத்துக்கு இணையாகவும் குறுக்காகவும் சாய்ந்து ஓடுகின்றன. பின்னாளில் ஊர் வளர்ந்த பகுதிகள் மட்டும் திசைகாட்டியை மதித்து நேராக நிற்பதால், பழைய நகரமும் புதிய நகரமும் சேரும் இடங்களில் தெருக்கள் முடங்கித் திரும்புகின்றன. சாலையில் நடக்கும்போதே எந்த இடத்தில் ரயில் நிறுவனத்தின் பென்சில் நின்றது என்று சொல்லிவிடலாம். தெருக்களுக்கு வைத்த பெயர்களில் சிலவும் பின்னர் மாறின. எடி தெரு இன்று பயனியர் அவென்யூ. ஃபெர்குசன் தெரு கேரி அவென்யூ. ஹில் தெருதான் தலைமைச் செயலகத்துக்குப் போகும் கேபிடல் அவென்யூ.

66 அடிக்கு 132 அடி அளவுள்ள மனை ஒன்றுக்கு நிறுவனம் கேட்ட விலை 150 டாலர். மூன்றில் ஒரு பங்கு முன்பணம். ஒரு மாதம் போவதற்குள் அதே மனை 1,000 டாலருக்குக் கைமாறியது. இலையுதிர் காலத்தில் நல்ல மூலை மனைகள் 2,000 டாலரையும் தாண்டின. இத்தனைக்கும் தண்டவாளம் இன்னும் வந்து சேரவில்லை. பாதை வரப்போகிறது என்ற செய்திக்கே இந்த விலை. நிறுவனத்துக்கு விலை கொடுக்காமல் மனைகளில் குந்திக்கொண்டு ஆயுதத்தோடு நின்றவர்களைக் கோட்டையிலிருந்து வந்த படைவீரர்கள் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டு, நிறுவனத்தின் உரிமையை ஒப்புக்கொண்ட பிறகே திரும்ப அனுமதித்தார்கள். அரசாங்கம் என்று சொல்லக்கூடியது அப்போது அங்கே அவ்வளவுதான். ஊர் அந்நாளில், இன்னும் மாநிலமாகாத டகோட்டா ஆட்சிப் பகுதிக்குள் இருந்தது. அதன் தலைநகரோ எட்டாத தொலைவில் மிசௌரி ஆற்றங்கரையில். ஆகவே ஆகஸ்டில் குடியிருப்பவர்களே கூடி ஒரு மேயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் "ஷையான் லீடர்" என்ற செய்தித்தாள் வெளிவரத் தொடங்கியது. செய்தித்தாள் வந்து ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துத்தான் ரயில் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்டவாளம் ஊரைத் தொட்ட நாள் 1867 நவம்பர் 13. அதுவரை பாதையின் கடைசி முனையாக இருந்த ஜூல்ஸ்பர்க் என்ற ஊர், கூடாரங்களையும் பலகைச் சுவர்களையும் கழற்றித் திறந்த சரக்கு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஷையானுக்கு வந்து இறங்கியது. வண்டி நின்றதும் கார்டு குதித்திறங்கி, இதோ ஜூல்ஸ்பர்க் வந்துவிட்டது என்று அறிவித்ததாக ஒரு கதையை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். கதை உண்மையோ இல்லையோ, நடந்தது அதுதான். மதுக்கடை, சூதாட்டக் கூடம், மளிகைக் கடை, சலவைக்காரர், முடிதிருத்துபவர் எல்லோரும் தண்டவாள முனையோடு சேர்ந்து நகர்ந்தார்கள். முதலில் நார்த் பிளாட், பிறகு ஜூல்ஸ்பர்க், இப்போது ஷையான். இந்த நகரும் ஊருக்கு அந்நாளில் "சக்கரத்தில் ஓடும் நரகம்" என்று பெயர்.

ஷையானுக்கு ஒரு நல்லூழ் வாய்த்தது. விரைவிலேயே மலைநாட்டுக் கடுங்குளிர் வந்துவிட, பாதை போடும் வேலை ஊரைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் நின்றுபோயிற்று. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் அந்தக் குளிர்காலம் முழுவதும் போக வேறு இடமில்லை. பாதையின் கடைசி முனையாக ஓர் ஊர் இருப்பது பொதுவாகச் சில மாதங்களே. ஷையான் அப்படி ஐந்து மாதம் இருந்தது. ஒரு பக்கம் ஜனவரியில் முகமூடி அணிந்த கும்பல்கள் தாங்களே நீதிபதிகளாகி ஆட்களைத் தூக்கிலிட்டன. இன்னொரு பக்கம் அதே ஜனவரியில் பள்ளிக்கூடமும் தேவாலயச் சபையும் தொடங்கின. சுற்றுலாப் பயணிகளிடம் ஊர் இன்று விற்பது முதலாவதைத்தான். கடைத்தெருவில் எங்கு திரும்பினாலும் துப்பாக்கியும் சீட்டுக்கட்டும் தொப்பியும். எனக்கென்னவோ மனை விற்பனைக் கணக்குதான் அதைவிடப் பரபரப்பான கதையாகத் தோன்றியது.

இந்தக் கூட்டத்தில் ஒருவரை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். பார்னி ஃபோர்டு வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து தப்பியவர். டென்வரில் உணவகமும் விடுதியும் நடத்திப் பெயர் பெற்ற அவர் ஷையான் தொடங்கிய காலத்திலேயே இங்கேயும் கடை போட்டார். 1870 ஜனவரியில் நகரின் மையப்பகுதியைத் தின்ற பெருந்தீயில் அவருடைய கடையும் போயிற்று. அதோடு விட்டுவிடாமல், 1875-இல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மூன்று மாடியில் இன்டர் ஓஷன் என்ற விடுதியைக் கட்டினார். 1916-இல் அதுவும் தீக்கு இரையாகிவிட்டதால் இன்று பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மூலையில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள்

இன்றுதான் நான் வந்த காரியம் நடந்தது. மேற்கே லாரமி போகும் சாலையில் ஷெர்மன் குன்றுக்குப் போனோம். என் மனைவி, குன்று எங்கே இருக்கிறது என்று முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே வந்தாள். அந்தக் கேள்வியில்தான் இந்த ஊரின் இரகசியம் முழுவதும் இருக்கிறது. ஷையான் 6,062 அடி உயரத்தில் இருக்கிறது. உச்சியான ஷெர்மன் 8,247 அடி. இடையில் பழைய பாதையில் ஏறத்தாழ 33 மைல். சராசரியாக எண்பது அடிக்கு ஓர் அடி ஏற்றம். காரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏறுகிறோம் என்றே தெரியாது. ஆனால் சரக்கு வண்டியை இழுக்கும் எஞ்சினுக்கு அது நன்றாகத் தெரியும். நீலகிரியில் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தைப் பல்சக்கரம் வைத்து ஏறுகிறோம். ஆனால் அது நான்கைந்து பெட்டிகள் கொண்ட வண்டி. நீளமான சரக்கு வண்டிக்கு எண்பதுக்கு ஒன்று என்பதும், அது மைல் கணக்கில் விடாமல் தொடர்வதும் பெரும் பாரம்.

ராக்கி மலையின் கிழக்கு முகம் பெரும்பாலும் சட்டென்று எழும்பி நிற்பது. சமவெளியின் மண் மலையைத் தொடும் இடத்தில் ஆறுகள் அரித்துப் பள்ளமாக்கியிருப்பதால், மேலே ஏறுவதற்குக் கரடுமுரடான கணவாய்களே வழி. ஷையானுக்கு மேற்கே ஓரிடத்தில் மட்டும் அந்த அரிப்பு முழுமையடையவில்லை. பழைய சமவெளியின் படிவுகள் ஒடுங்கிய நாக்கைப் போல நீண்டு, மலையின் கருங்கல் தோளில் போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கப்பலிலிருந்து கரைக்குப் போடும் பலகையைப் போல இருப்பதால் அதற்குக் கேங்பிளாங்க் என்று பெயர். இருபுறமும் நிலம் தாழ்ந்துபோக, நடுவே நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஒன்றையொன்று உரசாத குறையாகப் போகின்றன; வேறு வழியில்லை, இடம் அவ்வளவுதான். பாதைப் பொறியாளன் ஒருவன் இதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவான். நான் கும்பிடவில்லை, வண்டியை ஓரம் கட்டச் சொல்லி அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1865-இல் இந்தப் பகுதியில் போய்க்கொண்டிருந்தபோது பூர்வகுடி வீரர்கள் எதிர்ப்பட, முகட்டு வழியாகவே தப்பிக் கீழே இறங்குகையில் இந்தச் சரிவைக் கண்டதாக டாட்ஜ் பின்னாளில் எழுதினார். வயதான காலத்தில் படைத்தலைவர்கள் எழுதும் நினைவுகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கண்டது பெரிய விஷயம்தான். மைலுக்கு 116 அடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது கண்டப் பாதைக்குச் சட்டம் விதித்த வரம்பு. இந்தச் சரிவு மைலுக்கு 90 அடிக்குள் அடங்கியது. டென்வருக்கு மேற்கே இருந்த வழிகளில் சுரங்கம் தோண்டாமல் இது முடியாது. வயோமிங் வழியில் எஞ்சின்களுக்கு வேண்டிய நிலக்கரியும் கிடைத்தது. டென்வர் தோற்றது இங்கேதான்.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர் கடன் பத்திரம் கொடுத்த அரசு, மலைப்பகுதியில் 150 மைல் தூரத்துக்கு மைலுக்கு 48,000 டாலர் கொடுத்தது. அப்படியென்றால் மலை எங்கே தொடங்குகிறது என்பது மூன்று மடங்குப் பணத்துக்கான கேள்வி. மலையடிவாரம் என்று அதிகாரபூர்வமாகக் குறிக்கப்பட்ட இடம் ஷையானுக்குச் சில மைல் மேற்கே வந்தது. கண்ணால் பார்த்தால் அங்கே மலையைப் போல ஒன்றும் இல்லை, புல்தான் இருக்கிறது.

உச்சியில் ஆம்ஸ் நினைவுச்சின்னம் நிற்கிறது. அறுபது அடி அடித்தளம், அறுபது அடி உயரம், கரடுமுரடான கருங்கல்லில் கட்டிய, பிரமிடு போன்ற கூம்பு. ரிச்சர்ட்சன் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு, 1882-இல் முடிந்தது. யூனியன் பசிபிக்குக்குப் பணம் திரட்டிய ஓக்ஸ் ஆம்ஸ், ஆலிவர் ஆம்ஸ் என்ற சகோதரர்களின் முகங்கள் இரு பக்கமும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் ஓக்ஸ் ஆம்ஸ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே, பாதை கட்டும் ஒப்பந்த நிறுவனத்தின் பங்குகளைச் சக உறுப்பினர்களுக்குச் சலுகை விலையில் கொடுத்ததற்காக 1873-இல் அவையின் கண்டனத்துக்கு ஆளானவர். கண்டனம் பெற்றவருக்குப் பிரமிடு கட்டியது யார் என்று மனைவி கேட்டாள். அவருடைய நிறுவனமேதான்.

இப்போது அந்தக் கூம்புக்குப் பக்கத்தில் பாதையும் இல்லை, ஊரும் இல்லை. ஷெர்மன் என்று ஒரு சிற்றூர் இங்கே இருந்தது. ஏறி வந்த எஞ்சின்கள் இங்கே நிற்கும். இறக்கத்துக்கு முன் பிரேக்குகளைச் சோதிப்பார்கள். சற்று மேற்கே டேல் கிரீக் பள்ளத்தாக்கின் மேல் 1868-இல் மரத்தால் கட்டிய உயரமான பாலம் இருந்தது. 1876-இல் இரும்புக்கு மாற்றினார்கள். 1901-இல் ஏற்றத்தைக் குறைப்பதற்காகப் பாதையைத் தெற்கே நகர்த்தியதும் பாலத்தைக் கைவிட்டார்கள், ஷெர்மன் ஊரும் கலைந்தது. கருங்கல் கூம்பு மட்டும் எந்த வண்டியையும் பார்க்காமல் நிற்கிறது.

ஷையானுக்கும் இதே கதி நேர்ந்திருக்க வேண்டும். 1868 வசந்தத்தில் வேலை மறுபடி தொடங்கி, ஏப்ரலில் தண்டவாளம் இந்த உச்சியைத் தாண்டி, மே மாதம் லாரமியை அடைந்தது. நகரும் ஊர் தன் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டது. 1870 மக்கள்தொகைக் கணக்கில் ஷையானில் இருந்தவர்கள் 1,450 பேர். மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஜூல்ஸ்பர்க்கில் அந்த மிச்சமும் இல்லாமல் போயிற்று. வேறுபாடு எங்கே என்றால், ஜூல்ஸ்பர்க்குக்கு மேற்கே ஏற்றம் இல்லை. ஷையானுக்கு வரும் ஒவ்வொரு சரக்கு வண்டியும் மேற்கே போவதற்கு முன் நின்று, கூடுதல் எஞ்சின் மாட்டிக்கொண்டாக வேண்டும். நம் பக்கத்தில் பேங்கர் என்று சொல்வோம். பேங்கர் இருக்கும் இடத்தில் லோகோ ஷெட் இருக்க வேண்டும்; ஷெட் இருந்தால் கொல்லர், கொதிகலன் பழுது பார்ப்பவர், நிலக்கரி அள்ளுபவர், தண்ணீர்த் தொட்டிக் காவலர் எல்லோரும் குடும்பத்தோடு இருந்தாக வேண்டும். அவர்கள் கூடாரத்தில் இருக்க மாட்டார்கள், வீடு கட்டுவார்கள். சூதாடிகள் லாரமிக்குப் போனபோது போகாமல் நின்றவர்கள் இவர்கள்தான்.

நான்காம் நாள்

காற்று. விடுதிக்காரர் பொய் சொல்லவில்லை. காலையில் வெளியே போகும் எண்ணத்தையே விட்டுவிட்டோம்.

பிற்பகலில் ஹாலிடே பூங்காவுக்கு மட்டும் போய்வந்தோம். அங்கே 4004 என்ற எண் கொண்ட "பிக் பாய்" நீராவி எஞ்சின் வெயிலிலும் பனியிலும் நிற்கிறது. எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் பெட்டியோடு சேர்த்து 132 அடி நீளம், ஏறத்தாழ 540 டன் எடை. 1941-லும் 1944-லும் இருபத்தைந்து எஞ்சின்களை இந்த வகையில் கட்டினார்கள், எட்டு எஞ்சியிருக்கின்றன. யூட்டாவின் வாசாட்ச் மலைக்காகக் கட்டிய இவை பின்னர் ஷெர்மன் குன்றிலும் உழைத்தன. நேற்று கண்ணுக்கே தெரியாமல் இருந்த ஏற்றத்தை இன்று இந்த எஞ்சினின் சக்கரங்களை எண்ணிப் புரிந்துகொண்டாள் மனைவி. எட்டு எட்டாகப் பதினாறு இயங்கு சக்கரங்கள். இதன் உடன்பிறப்பான 4014-ஐக் கலிஃபோர்னியாவிலிருந்து இழுத்துவந்து, இதே ஊரின் ஷெட்டில் பல ஆண்டுகள் பழுதுபார்த்து, 2019-இல் மறுபடி ஓடவிட்டார்கள். அதை நேரில் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஐந்தாம் நாள்

காலையில் பதினேழாம் தெருவில் நடந்தோம். 1880-களில் மாட்டுப் பண்ணை முதலாளிகளின் மாளிகைகள் வரிசையாக நின்ற தெரு இது. பாதை போட்ட தொழிலாளர்களுக்கு இறைச்சி வழங்கியதில் தொடங்கிய வியாபாரம், டெக்சாஸிலிருந்து மந்தைகளை ஓட்டிவந்து இங்கே மேய்த்து ரயிலில் கிழக்கே அனுப்பும் தொழிலாக விரிந்தது. ஸ்காட்லாந்திலிருந்தெல்லாம் முதலீடு வந்தது. 1880-இல் இவர்களுக்கென்றே ஷையான் கிளப் தொடங்கியது. 1886-87 குளிர்காலத்தில் மந்தைகள் பனியில் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுந்ததும் அந்தப் பணம் கரைந்தது. மிஞ்சியவர்களில் சிலர் சிறு விவசாயிகள் மேல் பழியைப் போட்டு, 1892 ஏப்ரலில் ஏறத்தாழ ஐம்பது துப்பாக்கிக்காரர்களைத் தனி ரயிலில் ஏற்றி வடக்கே அனுப்பியதும் இந்த ஊரிலிருந்துதான். மாளிகைகளில் ஒன்றிரண்டு இன்று தங்கும் விடுதிகள். எனக்கு அவற்றில் அதிக ஈடுபாடு வரவில்லை. மாட்டுப் பணம் கரைந்த பிறகும் ஊர் வளர்ந்தே வந்தது என்பதைத்தான் கவனித்தேன். 1880-இல் 3,456 பேராக இருந்தது 1890-இல் 11,690 ஆனது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ரயில் பணிமனைகள் விரிவடைந்தன.

தலைமைச் செயலகத்தில் ஒரு மணி நேரம் இருந்தோம். வயோமிங் 1868-இல் தனி ஆட்சிப் பகுதியானது; ஷையான் தலைநகரானது. முதல் சட்டமன்றம் சொந்தக் கட்டடம் இல்லாமல் வாடகை அறைகளில் கூடியது. அந்த மன்றம் நிறைவேற்றிய மசோதாவில் 1869 டிசம்பர் 10 அன்று ஆளுநர் ஜான் கேம்பெல் கையெழுத்திட, பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அமெரிக்க நாடு முழுவதற்கும் அது சட்டமாவதற்கு 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொள்கைப் பிடிப்பு மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. 1870-இல் ஆட்சிப் பகுதி முழுவதிலுமாக 9,118 பேர்தான். வயதுவந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஆறு ஆண்கள். ரயில் கொண்டுவந்து இறக்கியது ஆண்களைத்தான். பெண்கள் வந்து குடியேற வேண்டும், இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று செய்தித்தாள்களில் பெயர் அடிபட வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. 1871-இல் அடுத்த சட்டமன்றம் அந்த உரிமையைத் திரும்பப் பெற முயன்றது. கேம்பெல் மறுத்தார், அவருடைய மறுப்பைத் தள்ளுவதற்கு ஒரு வாக்குக் குறைந்தது.

ஊரின் பெயரைப் பற்றி இதுவரை எழுதவில்லை. ஷையான் என்பது இந்தச் சமவெளியில் வாழ்ந்த குடியை அண்டைக் குடியான சூ மக்கள் அழைத்த சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் தங்களைச் சிசிஸ்தாஸ் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். நார்த் பிளாட் ஆற்றுக்கும் ஆர்கன்சா ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் ஷையான், அரபாஹோ மக்களுடையது என்று 1851 உடன்படிக்கையில் அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டிருந்தது. டாட்ஜ் மனைபோட்ட இடம் அதற்குள் வருகிறது. இன்று ஷையான் மக்களில் வடக்குப் பிரிவினருக்கு மொன்டானாவில் நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது; தெற்குப் பிரிவினர் ஓக்லஹோமாவில் இருக்கிறார்கள். வயோமிங்கில் அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலம் இல்லை. ரயில் நிலையச் சுவரிலும் பேருந்திலும் காவல்துறை வாகனத்திலும் நினைவுப் பொருளாக வாங்கிய கோப்பையிலும் அவர்களுடைய பெயர் இருக்கிறது.

டென்வர் திரும்புவதற்கு முன் கடைசியாக ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் போனேன். மருமகன் வண்டியை எடுத்துவர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. பத்துக்கும் மேற்பட்ட தடங்கள் கொண்ட யார்டில், கிழக்கிலிருந்து ஒரு கொள்கலன் வண்டி மெதுவாக வந்து நின்றது. முன்னால் மூன்று டீசல் எஞ்சின்கள். வால் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் எஞ்சினின் கதவு திறந்து இருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறங்கினார்கள், ஒவ்வொருவர் தோளிலும் ஒரு பை. கீழே காத்திருந்த வேனிலிருந்து வேறு இருவர் அதே போன்ற பைகளோடு ஏறினார்கள். நம் ஊரில் என்றால் இரும்புப் பெட்டியாக இருந்திருக்கும். இறங்கியவர்களில் மூத்தவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். பன்னிரண்டு நிமிடம் கழித்து வண்டி மேற்கே கிளம்பியது. பெட்டிகளை எண்ணத் தொடங்கி, நூற்றுப் பதினான்கில் காற்று தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனதால் கணக்கு விட்டுப்போயிற்று.